மேட்டு வீட்டுக்கு ஒரு ராஜா

எங்கள் ஊரில் இலக்கியம் முதலில் கம்பத்தில் வெளியாகும். புத்தகமாக வருவதெல்லாம் அதற்கப்புறம்தான்.

ராங்கெல் மாமாவின் திராட்சைத் தோட்டத்தில் ஒவ்வொரு வரிசையின் கடைசியிலும் கம்பி இழுத்துக் கட்டுவதற்காக ஒரு சிமெண்டுக் கம்பம் நிற்கும். களை கொத்திக்கொண்டே ஒரு வரிசையைக் கடப்பதற்குள் அவர் மனதில் ஒரு வாக்கியம் உருவாகி முடிந்திருக்கும். மண் அப்பிய கையால் காகிதத்தைத் தொட அவருக்கு மனம் வராது. சட்டைப் பையிலிருந்து கரித்துண்டை எடுத்துக் கம்பத்திலேயே எழுதிவிட்டு அடுத்த வரிசைக்குத் திரும்பிவிடுவார். மழை பெய்து அழிந்துபோனால், "நல்ல வாக்கியமா இருந்திருந்தா எனக்கே ஞாபகம் இருந்திருக்கும்" என்று விட்டுவிடுவார். ஞாபகத்தில் நின்றவை மட்டும் ஏழு நாவல்களாயின.

தோட்டத்தை ஒட்டித்தான் ஊர்ப்பாதை போகிறது. ஆகவே அந்த ஏழு நாவல்களையும் லோசிட்சா ஊர் அச்சேறுவதற்கு முன்பே படித்திருந்தது. படித்ததோடு நிற்கவுமில்லை. "ஆகஸ்ட் கடைசியில எங்கய்யா குயில் கூவுது?" என்று ஒருவர் வாக்கியத்துக்குக் கீழே எழுதிவைப்பார். "போன கம்பத்துல இவளுக்கு நீலக் கண்ணு. நடந்து வந்த தூரத்துல பச்சையாயிடுச்சா?" என்று இன்னொருவர். மாமா ஒவ்வொன்றையும் நின்று படித்து, சரியென்று பட்டால் திருத்துவார். பெரிய பதிப்பகங்களில் சம்பளம் வாங்கிக்கொண்டு செய்கிற வேலையை எங்கள் ஊர்க்காரர்கள் ஆடு ஓட்டிப்போகிற வழியில் சும்மா செய்துகொடுத்தார்கள்.

சோபியா நகரத்து விமர்சகர்களுக்கு அவரைப் பற்றித் தெரிந்த உவமை ஒன்றே ஒன்றுதான்: 'திராட்சைக் கொடியை வெட்டுவதுபோல வாக்கியங்களை வெட்டிச் செதுக்குகிறார்.' மாமா இதைப் படித்துவிட்டுச் சிரிப்பார். அவருடைய வாக்கியம் ஒன்று ஆரம்பித்தால் பக்கம் திருப்பித்தான் முற்றுப்புள்ளியைப் பார்க்க முடியும். "நான் எழுதுற மாதிரி கொடி வெட்டினா தோட்டத்துல இலை மட்டும்தான் இருக்கும். கொடி வெட்டுற மாதிரி எழுதினா புத்தகத்துல தலைப்பு மட்டும்தான் இருக்கும்" என்பார். ஒரு வெளியீட்டு விழாவில் அமைச்சர் ஒருவர் அவர் கையைப் பற்றி, விரலெல்லாம் நீலமாக இருப்பதைக் கண்டு, எழுத்தாளன் கையில் மை காய்வதே இல்லை என்று மனமுருகிப் பேசினாராம். அது மயில்துத்தம். காலையில் கொடிகளுக்கு மருந்தடித்துவிட்டு அப்படியே ரயிலேறிப் போயிருந்தார். அமைச்சரைத் திருத்தினால் விழா நீளும், ஊருக்குப் போகும் ரயில் போய்விடும் என்று பேசாமல் இருந்துவிட்டார்.

இப்படிப்பட்ட மனிதருக்கு ஒரே ஓர் ஆசை பாக்கி இருந்தது. அது எனக்குத் தெரிய வந்தது சென்ற பிப்ரவரியில், திரிஃபோன் நாளுக்கு முந்தின நாள்.

நான் பிளவ்டிவ் நகரில் கல்லூரியில் படிக்கிறேன். திரிஃபோன் நாளுக்காக ஊருக்கு வந்திருந்தேன். அதே தேதியில்தான் காதலர் தினமும் வந்து தொலைக்கிறது. பிளவ்டிவில் ஒருத்தி பூங்கொத்து எதிர்பார்த்தாள். கொடி வெட்டப் போகிறேன் என்று சொன்னேன். இப்போது அவள் என்னிடம் எதையும் எதிர்பார்ப்பதில்லை.

திரிஃபோன் எங்கள் கொடிகளின் காவல் புனிதர். கொடி வெட்டும்போது, அதாவது புதுத் தளிர் வருவதற்காகப் பழைய கிளைகளைக் கழிக்கும்போது, கவனம் சிதறித் தன் மூக்கையே வெட்டிக்கொண்டவர் என்று கதை. தலைவர்களிடம் நாங்கள் எவ்வளவு எதிர்பார்ப்போம் என்பதை இதிலிருந்தே ஊகித்துக்கொள்ளலாம். அவருடைய நாளில் ஆண்களெல்லாம் தோட்டத்துக்குப் போய், அந்த வருடத்தின் முதல் கொடிகளை வெட்டி, வெட்டுப்பட்ட இடத்தில் ஒயின் ஊற்றி, தங்களுக்குள் ஒருவரைக் கொடிராஜாவாகத் தேர்ந்தெடுப்பார்கள். வெட்டிய கொடியை வளையமாகப் பின்னி அவர் தலையில் வைத்து வீடு வரை கொண்டுபோய் விடுவார்கள். அங்கே அரிசி நிரப்பி வறுத்த கோழியோடு ராஜா வீட்டு விருந்து. அதன் பிறகு அந்த வருடம் ஆலங்கட்டி விழுந்தாலும் பூஞ்சை பிடித்தாலும் ராஜாதான் ஊருக்குப் பதில் சொல்ல வேண்டும். அதற்கு ஈடாக ராஜாவின் தோட்டத்தை ஊரே சேர்ந்து வெட்டிக்கொடுக்கும். கம்யூனிஸ்ட் ஆட்சியின் கூட்டுப்பண்ணைக் காலத்தில் 'ராஜா' என்ற சொல் ஆகாது என்பதால் 'முன்னணித் திராட்சையாளர்' என்று ஒருவரைத் தேர்ந்தெடுத்தார்கள். திட்டும்போது மட்டும் ராஜா என்றே திட்டினார்கள்.

பக்கத்து ஊர்க்காரர்கள் ராஜாவை வண்டியில் உட்காரவைத்து இழுப்பார்கள். கொண்டுபோவது ராஜாவையா உருளைக்கிழங்கு மூட்டையையா என்று எங்கள் ஊர் அவர்களைக் காலகாலமாகக் கேலி செய்துவருகிறது. எங்கள் ஊரில் தோள்தான்.

அன்று சோனா அத்தை, அதாவது மாமாவின் மனைவி, வீட்டுக்கு வரச்சொல்லி ஆள் அனுப்பியிருந்தார். அவர்கள் வீடு ஊரின் உச்சியில், எல்லா வீடுகளும் முடிந்துபோன பிறகும் பாதை ஏறிக்கொண்டே போகிற இடத்தில் இருக்கிறது. எழுதும் மேசையிலிருந்து பார்த்தால் தோட்டம் முழுக்கத் தெரிய வேண்டும் என்று மாமா இளவயதில் அங்கே கட்டினார். நான் மூச்சு வாங்கிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது அத்தை சமையலறைத் தரையில் உட்கார்ந்து, ஊறுகாய் ஜாடிகளைச் செய்தித்தாளில் சுற்றி அட்டைப்பெட்டிகளில் அடுக்கிக்கொண்டிருந்தார்.

"வா ஆசென். அந்தப் பெட்டியைத் தூக்கி வராந்தாவுல வை. மெதுவாடா! குடைமிளகாய் அது, உங்க பேராசிரியர் மண்டை இல்ல."

"எங்க அத்தை கிளம்புறீங்க?"

"வர்னாவுக்கு. மகள் வீட்டுக்கு. ஆறாவது மாடி. பால்கனியில நின்னா கடல் தெரியுமாம்." கடலைப் பார்க்கும் ஆர்வம் எதுவும் அந்தக் குரலில் இல்லை. "உங்க மாமாவுக்கு முட்டி ரெண்டும் போச்சு. நெஞ்சும் சொன்ன பேச்சு கேட்கல. போன வருஷமே பாதித் தோட்டம் வெட்டாமக் கிடந்துது. வெட்டாத கொடியைப் பார்த்துக்கிட்டு அவர் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கார். அவரைப் பார்த்துக்கிட்டு நான் உட்கார்ந்திருக்கேன். போதும். திரிஃபோன் நாள் மட்டும் முடியட்டும்னார். அடுத்த வாரம் கிளம்புறோம். ஊர்ல யாருக்கும் இன்னும் தெரியாது, வாயை மூடிக்க."

மேசைமேல் சோபியாவிலிருந்து வந்த ஒரு கனமான உறை கிடந்தது. அவருக்கு வாழ்நாள் விருது அறிவித்திருந்தார்கள். விழா மறுநாள்.

"இதுக்குப் போகலையா?"

"நாளைக்குக் கொடி வெட்டணும், வர முடியாதுன்னு எழுதிட்டார். அவங்க அதுல ஏதோ ஆழமான அர்த்தம் இருக்குன்னு நினைச்சுக்கிட்டு, பிரமாதம்னு பதில் போட்டிருக்காங்க." அத்தை ஜாடியைக் கீழே வைத்தார். "அவருக்கு வேண்டியது இது இல்லடா. அந்தக் கொடி வளையம். வாயைத் திறந்து கேட்டது கிடையாது. ஆனா நாப்பது வருஷமா ஒவ்வொரு திரிஃபோனுக்கும் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை போட்டுக்கிட்டுத்தான் தோட்டத்துக்குப் போவார். கொடி வெட்டப் போறவன் எவனாவது வெள்ளைச் சட்டை போடுவானா? ஓட்டெடுக்கும்போது தன் வரிசைக்குப் போய் முதுகைக் காட்டிக்கிட்டு நிப்பார், ஏதோ தனக்குச் சம்பந்தமே இல்லாத மாதிரி. சாயங்காலம் வந்து சட்டையைக் கழட்டி ஆணியில மாட்டுவார். அன்னைக்கு முழுக்க ஒரு வார்த்தை பேச மாட்டார்."

"ஏன் தேர்ந்தெடுக்கல?"

"ஏன்னா? 'ஆட்டின் சாட்சியம்'தான்."

அது அவருடைய முதல் நாவல். ஓர் ஆடு திருட்டுப்போகிறது, வழக்கு நடக்கிறது, ஊரே ஒவ்வொருவராகக் கூண்டிலேறி அவரவர் பாணியில் பொய் சொல்கிறது. பாத்திரங்களின் பெயர்களை மாமா மாற்றியிருந்தார். மூக்குகளை மாற்றவில்லை. படித்த எல்லோருக்கும் எல்லோரையும் தெரிந்துபோனது.

"ஊர் இன்னும் மன்னிக்கலைன்னு நினைக்கிறார்," என்றார் அத்தை. "மன்னிக்காத ஊரை விட்டுட்டு வந்துட்டோம்னு நினைச்சுக்கிட்டேதான் அந்தப் பால்கனியில உட்கார்ந்திருக்கப் போறார். கடல் தெரிஞ்சா என்ன, எது தெரிஞ்சா என்ன? அதுதான்டா எனக்குப் பொறுக்கல."

மறுநாள் காலை வரை நேரமிருந்தது. கல்லூரித் தேர்தலில் ஒரு கழுதையை வேட்பாளராக நிறுத்தி இரண்டாமிடம் பிடிக்கவைத்த அனுபவம் எனக்கு உண்டு. ஊரை மன்னிக்க வைக்கலாம் என்று கிளம்பினேன்.

முதலில் டோப்ரி. மாமாவின் வயதுக்காரர். நாவலில் ஆடு திருடுகிறவர். ஆகவே மிக அதிகமாகப் புண்பட்டிருக்க வேண்டியவர். தொழுவத்தில் ஆட்டுக்கு வைக்கோல் போட்டுக்கொண்டிருந்தார். சுவரில் ஓர் அச்சடித்த பக்கம் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தது.

"நான் ஆட்டை இழுத்துக்கிட்டு ஓடுற இடம்," என்று காட்டினார். "என்ன ஓட்டம் பாரு! நிஜத்துல நான் அவ்வளவு வேகமா ஓடலை. மனுஷன் பெருந்தன்மையா எழுதியிருக்கான்."

"அப்போ திருடினது நிஜமா மாமா?"

"இலக்கியத்தைப் பத்திப் பேசிக்கிட்டிருக்கோம். போலீஸ்காரன் மாதிரி கேள்வி கேட்காத." வைக்கோலை உதறினார். "அவனைப் பத்தி உனக்கு என்ன தெரியும்? நான் முதுகு புடிச்சிக்கிட்டுப் படுத்த படுக்கையா இருந்தப்போ என் தோட்டம் முழுக்க அவன்தான் வெட்டினான். அந்தக் குளிர்காலத்துல நாவலை முடிச்சுக் கொடுக்கணும்னு பதிப்பகத்துக்காரன் தந்தி மேல தந்தி அடிக்கிறான். 'நாவல் காத்திருக்கும், டோப்ரியின் கொடி காத்திருக்காது'ன்னு பதில் தந்தி கொடுத்தான் இவன். அந்தத் தந்திக்கு என்ன செலவாச்சோ, இன்னைக்கு வரைக்கும் சொல்ல மாட்டேங்குறான்."

"அப்போ நாளைக்கு அவருக்குத்தானே கை தூக்குவீங்க?"

டோப்ரிக்குத் திடீரென்று ஆட்டின் காதில் ஏதோ சந்தேகம் வந்துவிட்டது. குனிந்து காதைப் புரட்டிப் பார்த்தார். "பார்க்கலாம். நாலையும் யோசிக்கணும்ல. என் முதுகு வேற..." என்று இழுத்தார்.

வீடு வீடாகப் போனேன். பொய்ச் சாட்சிகளாக வந்த அத்தனை பேரும் தங்கள் பொய் எத்தனையாவது பக்கத்தில் வருகிறது என்று மனப்பாடமாகச் சொன்னார்கள். உண்மையிலேயே கோபமாக இருந்தவர் மருந்துக்கடைக்காரர் ஒருவர்தான். "ஊர்ல இருக்கிற நாய் வரைக்கும் எழுதியிருக்கார். நான் என்ன பாவம் செஞ்சேன்? ஒரு இருமல் மருந்து வாங்குற காட்சியாவது வச்சிருக்கக் கூடாதா?" என்றார். மற்றவர்கள் மாமாவைப் புகழ்ந்து தள்ளினார்கள். ஆனால் ராஜா என்ற பேச்சை எடுத்ததும், ஒருவர் தவறாமல், ஜன்னல் வழியாக உச்சியைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்கள். ஆழமான காயம், வாய்விட்டுச் சொல்ல முடியவில்லை என்று நான் புரிந்துகொண்டேன். உளவியல் எனக்குத் துணைப்பாடம்.

கடைசியாக வெல்கோ. நடப்பு ராஜா. கனத்த சரீரம். தோட்டத்து வாசலிலிருந்து கூப்பிடு தூரத்தில், சமதரையில் வீடு. ஆறு வருடமாக அவரேதான் ராஜா.

"வெல்கோ அண்ணே, இந்தத் தடவையாவது விட்டுக்கொடுங்களேன்."

"நான் என்ன பிடிச்சா வச்சிருக்கேன்? போன வருஷம் ஆலங்கட்டி. அதுக்கு முந்தி பூஞ்சை. ரெண்டுக்கும் என் பரம்பரையையே இழுத்துத் திட்டினாங்க. திட்டி முடிச்சிட்டு மறுபடி என்னையே தூக்கினாங்க."

"ஏன் அண்ணே?"

அவர் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. "ஜனங்களுக்கு என் மேல பாசம்," என்றார்.

மறுநாள் நல்ல வெயில். வரிசைகளுக்கு நடுவே பனி இன்னும் முழுதாகக் கரையவில்லை. பாதிரியார் எவ்லோகி துளசிக் கொத்தைப் புனித நீரில் தோய்த்துக் கொடிகள் மேலும் எங்கள் மேலும் பாரபட்சமில்லாமல் தெளித்தார். கொடிகள் வெட்டப்பட்டன, ஒயின் ஊற்றப்பட்டது. கொடிக்கு ஊற்றியதைவிட நிறைய எங்களுக்கு. ராங்கெல் மாமா கோட்டுக்குள் வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். காலர் மட்டும் வெளியே தெரிந்தது. மரக்குடுவை தன்னிடம் வந்தபோது டாக்டர் சொன்னபடி உதட்டை மட்டும் நனைத்துக்கொண்டார். பிறகு, ஓட்டெடுக்கப் போகிறார்கள் என்றதும், கத்தரியை எடுத்துக்கொண்டு, ஒரு காலை இழுத்து இழுத்துத் தன் வரிசைக்குப் போய் எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றார்.

"வெல்கோதானே?" என்றார் டோப்ரி வழக்கம்போல. "கையைத் தூக்குங்க, கோழி ஆறிப்போகுது."

நான் ஒரு பழப்பெட்டியைக் கவிழ்த்துப்போட்டு ஏறி நின்றேன். "பெரியவங்களே! ஒரு புத்தகத்துக்காக ஒரு மனுஷனை எத்தனை வருஷம் ஒதுக்கி வைப்பீங்க? மனசு புண்பட்டிருக்கலாம். இன்னைக்காவது மன்னிச்சிடுங்க!"

"யாரை மன்னிக்கணும்?" என்றார் வெல்கோ.

"ராங்கெல் மாமாவை."

"எதுக்கு?"

"'ஆட்டின் சாட்சியம்' எழுதினதுக்கு."

ஆண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அதை ஏன்டா மன்னிக்கணும்? நல்ல புத்தகம்தானே," என்றார் டோப்ரி.

"அப்போ நாப்பது வருஷமா அவரை ஏன் ராஜாவாக்கல?"

பாதிரியார் தன் சிலுவையை எடுத்துத் துடைக்கத் தொடங்கினார். கடைசியில் டோப்ரி தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

"மேடுடா."

"என்ன மேடு?"

"அவன் வீட்டு மேடு! தோள்ல ஒரு ஆளை வச்சுக்கிட்டு அதுல ஏறிப் பார்த்திருக்கியா நீ? அதுவும் குடிச்சிட்டு? அதுவும் பனி வழுக்கும்போது? முதல் வருஷமே அவன் பேர்தான் வந்துது. எல்லாரும் ஒருதரம் மேல பார்த்தோம். சரி, அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்னு விட்டோம். அப்படியே விட்டுக்கிட்டு வந்துட்டோம்."

"வண்டியில வச்சு இழுத்திருக்கலாமே?"

"வண்டியிலயா!" இருபது குரல்கள் ஒன்றாக எழுந்தன. "நாம என்ன பக்கத்து ஊரா?"

அப்போதுதான் பார்த்தோம். ராங்கெல் மாமா திரும்பி நின்றிருந்தார். கத்தரி கையிலேயே இருந்தது. மெதுவாக எங்களை நோக்கி வந்தார்.

"டோப்ரி. இப்போ என்ன சொன்ன?"

"ஒண்ணுமில்லடா. சும்மா..."

"மேடா?"

"மேடுதான்."

"நாவல் இல்ல?"

"நாவல் எதுக்குடா?"

நான் பெட்டியிலிருந்து இறங்கினேன். மாமா அதன்மேல் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் தன் நீல விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அதுக்கப்புறம் ஆறு நாவல் எழுதினேன்," என்றார். "ஆறுலயும் உங்க எல்லாரையும் நல்லவங்களா எழுதினேன். ஊருக்குக் கோபம் ஆறட்டும்னு."

"கவனிச்சோம்," என்றார் வெல்கோ. "குறையா நினைக்காதீங்க அண்ணே. அதெல்லாம் முதல் நாவல் அளவுக்கு இல்ல."

"அதுலயும் நான் இல்ல," என்றார் மருந்துக்கடைக்காரர்.

மாமா சிரிக்க ஆரம்பித்தார். அடக்க முடியாமல், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவர் நெஞ்சை நினைத்து நாங்கள் பயப்படும் அளவுக்குச் சிரித்தார். பிறகு சிரிப்பு ஏதோ ஓரிடத்தில் நின்றுபோயிற்று. கோட்டுக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பாவிகளா, ஒருத்தனாவது சொல்லியிருக்கக் கூடாதா?"

"எப்படிடா சொல்றது?" என்றார் டோப்ரி. "உன்னைத் தூக்கச் சோம்பலா இருக்குன்னு எழுத்தாளன்கிட்ட போய்ச் சொல்ல முடியுமா? அதையும் எழுதிடுவ. சரி விடு. அடுத்த வருஷம் கட்டாயமா..."

"அடுத்த வருஷம் அவர் இருக்க மாட்டார்," என்றேன். டோப்ரியின் முகம் போன போக்கைப் பார்த்து அவசரமாகத் திருத்தினேன். "ஊர்ல இருக்க மாட்டார். வர்னாவுக்குப் போறாங்க. அடுத்த வாரம். பெட்டியெல்லாம் கட்டியாச்சு."

காலையிலிருந்து ஓயாத கூட்டம் அது. அப்போதுதான் முதல்முறையாக, கொடியின் வெட்டுவாயிலிருந்து ஒயின் சொட்டும் ஓசை கேட்டது. எல்லோரும் மேலே பார்த்தார்கள். இந்த முறை யாரும் பெருமூச்சு விடவில்லை. வெல்கோ தன் கோட்டைக் கழற்றி வேலிக்கம்பியில் போட்டார்.

"வளையத்தைப் பின்னுங்கடா," என்றார். "பெரிசா இல்ல. அண்ணன் தலைக்கு."

"வேண்டாம் வெல்கோ," என்றார் மாமா. "என் தோட்டமே பாதி வெட்டாமக் கிடக்கு. இதுல நான் ராஜான்னா புனிதரே சிரிப்பார்."

"மூக்கை வெட்டிக்கிட்டவருக்கு நம்மைப் பார்த்துச் சிரிக்கிற தகுதி கிடையாது," என்றார் பாதிரியார். "உட்காருங்க."

"ராஜா தோட்டத்தை ஊர்தான் வெட்டணும் அண்ணே," என்றார் வெல்கோ. "ஆறு வருஷமா என் தோட்டத்தை இவங்கதான் வெட்டினாங்க. நல்லாத்தான் வெட்டுறாங்க. நீங்க வரிசை முனையில நின்னு குறை சொல்லுங்க, போதும்."

கைகள் எழுந்தன. நான் எண்ணவில்லை. எழாத கை எதுவும் இருந்ததாக ஞாபகமில்லை. குடுவையைப் பிடித்திருந்தவர் குடுவையோடு தூக்கினார்.

மாமா கோட்டைக் கழற்றினார், பின்னி முடித்த வளையத்தை அவர் தலையில் வைத்தோம். முன்னால் வெல்கோவும் நானும், பின்னால் டோப்ரியும் இன்னொருவரும். "ஒண்ணு, ரெண்டு..." என்று மூச்சைப் பிடித்துத் தூக்கினோம். தேவைக்கு மேல் உயரமாகத் தூக்கிவிட்டோம். ஒரு பெட்டி திராட்சையைவிடக் கொஞ்சம்தான் கூடுதல் கனம். இவ்வளவு காலம் பயந்தது இந்தக் கனத்துக்கா என்று எல்லோர் முகத்திலும் எழுதியிருந்தது. கூட வந்த மேளக்காரர் வேண்டுமென்றே கொஞ்சம் பலமாகத் தட்டினார்.

வழியில் வாசல் வாசலாகப் பெண்கள் ஒயினோடு வந்தார்கள். ராஜா உதட்டை நனைத்ததும் மிச்சத்தை அவர் தலையிலேயே ஊற்றினார்கள், விளைச்சல் வழிய வேண்டும் என்று. வெள்ளைச் சட்டை சிவப்பாயிற்று. வீடுகள் முடிந்த இடத்தில் உண்மையான மேடு தொடங்கியது. கால் வழுக்கியது. ராஜா மேலிருந்து வாயை மூடவில்லை.

"பின்னால வலது பக்கம் தாழுதே, யாரு அது?"

"நான்தான். முதுகு!" என்றார் டோப்ரி.

"ஆட்டோட ஓடினப்போ இந்த முதுகு எங்கடா இருந்துது?"

வளைவுக்கு வளைவு தோள் மாற்றினோம். பாதிரியார் அங்கியைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஒரு வளைவு சுமந்தார். மருந்துக்கடைக்காரர் யார் சொல்லியும் கேளாமல் என்னை விலக்கிவிட்டுத் தன் தோளைக் கொடுத்தார். பாதி தூரம் போனதும் மூச்சு முட்டக் கேட்டார்: "இதையாவது எழுதுவீங்களா?"

"எழுதுறேன்."

"பேரைச் சரியாப் போடணும்."

அவர் பெயர் கிறிஸ்டோஃபோர் தன்செவ். எதற்கும் இருக்கட்டும் என்று நானும் போட்டுவிட்டேன்.

மேளச் சத்தம் மேட்டு வீட்டுக்கு எட்டியிருக்க வேண்டும். சோனா அத்தை வாசலில் நின்றிருந்தார். அவருக்குப் பின்னால் வராந்தா முழுக்கக் கயிறு போட்டுக் கட்டிய அட்டைப்பெட்டிகள். அவர் இரண்டு கையாலும் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, தலையில் கொடி வளையமும் உடம்பெல்லாம் ஒயினுமாக வரும் கணவரைப் பார்த்தார். அடுப்பிலிருந்து வறுத்த கோழி வாசம் வந்தது.

"கோழியா?" என்றார் மாமா மேலிருந்து. "இன்னைக்குமா?"

"இன்னைக்குமாவா? ஒவ்வொரு திரிஃபோனுக்கும் ஒரு கோழியில அரிசி நிரப்பி அடுப்புல வச்சுக்கிட்டுத்தான் இருந்தேன், தூக்கிட்டு வந்துட்டாங்கன்னா என்ன பண்றதுன்னு. ராத்திரிச் சாப்பாட்டுக்குன்னா நினைச்சீங்க?"

மாமா வளையத்தைச் சரிசெய்துகொண்டார். அது சரியாகத்தான் இருந்தது.

"சோனா," என்றார் கொஞ்சம் பொறுத்து. "ராஜா ஊரை விட்டுப் போகக் கூடாது. ஆலங்கட்டி விழுந்தா பதில் சொல்ல ஆள் வேணும். தோட்டத்தை இவங்க வெட்டுறாங்களாம். நான் நின்னு பார்த்தா போதுமாம்."

அத்தை பெட்டிகளைப் பார்த்தார். பிறகு எங்களைப் பார்த்தார்.

"நாப்பது வருஷம் தூங்கிட்டு, நான் கடைசி ஜாடியைக் கட்டி முடிச்ச அன்னைக்கா எழுந்து வந்தீங்க? போன வாரம் வந்திருந்தா உங்களுக்கு என்ன கெட்டுப்போயிருக்கும்?"

ராஜாவைத் தோளில் வைத்தபடியே தலைகுனிந்து நின்றோம். அது அவ்வளவு சுலபமில்லை.

"இன்னும் என்ன தூக்கிக்கிட்டே நிக்கிறீங்க? இறக்குங்க, நெஞ்சு சரியில்லாத மனுஷன்! டோப்ரி, நீ போய் மேசையை இழுத்துப் போடு. முதுகைப் பத்திப் பேசினா கோழி கிடையாது." உள்ளே போய்க் கத்தியோடு வந்து முதல் பெட்டியின் கயிற்றை அறுத்தார். அடுத்ததையும் அறுத்தார். செய்தித்தாள் சுற்றிய ஜாடியை வெளியே எடுத்துக்கொண்டே என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"ஆசென், உன் போனை எடுத்து என் மகளுக்கு அடி. அப்பா இப்போதைக்கு வர முடியாதுன்னு சொல்லு. வேலை கிடைச்சிருக்குன்னு சொல்லு."